வீட்டு வீடியோ கேசட்டுகளை டிவிடிக்கு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு அலமாரியில் இருந்த வி.எச்.எஸ். கேசட்டுகளை ஒரு டிவிடி ரெக்கார்டரை வைத்து வட்டுகளுக்கு மாற்றினேன். அதைக் கேள்விப்பட்டு உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் தங்கள் கேசட்டுகளைக் கொண்டுவந்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். 1980களின் பிற்பகுதியிலிருந்து 2000களின் தொடக்கம் வரை தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட திருமணம், காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசக் கேசட்டுகள்தான் என் கைக்கு அதிகம் வந்தவை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. பல வருடங்கள் ஓடாமல் கிடந்த கேசட்டை, என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக டெக்கில் (கேசட்டை ஓட்டும் இயந்திரத்தில்) போடாதீர்கள். அது நன்றாக ஓடக்கூடிய கடைசித் தடவை அதுவாகவே இருக்கலாம். அந்தத் தடவை பதிவும் நடந்துகொண்டிருக்க வேண்டும். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இதற்கான முன்னேற்பாடுகள்தான்.

இத்தனை வருடம் இருந்த கேசட் இன்னும் கொஞ்ச காலம் இருக்காதா? ஏன் இந்த அவசரம்?

நாடா என்பது பாலியெஸ்டர் பட்டையின் மேல் காந்தத் துகள்களை ஒரு பசையில் குழைத்துப் பூசியது. பட்டை எளிதில் கெடாது. பசைதான் ஈரத்தை உறிஞ்சி மெல்ல மெல்ல இளகும். கடற்கரை ஊர்களில் இது வேகமாகவே நடக்கிறது.

நாடாவைவிட எனக்குக் கவலை தருவது அதை ஓட்டும் இயந்திரம். உலகில் கடைசியாக வீடியோ டெக் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதன் பிறகு கிடைப்பதெல்லாம் பழையதுதான். அதன் ரப்பர் பெல்ட் தளர்ந்தால் மாற்றிக் கொடுக்கத் தெரிந்த கைகளும் ஊருக்கு ஊர் குறைந்துவருகின்றன.

டிவிடி ரெக்கார்டர் எதற்கு? கணினியில் செருகும் யூ.எஸ்.பி. கருவி மலிவாகக் கிடைக்கிறதே?

கிடைக்கிறது. நல்ல கேசட்டாக இருந்தால் அதிலும் ஒழுங்காகவே வரும். ஆனால் பழைய நாடாவிலிருந்து வரும் சிக்னல் சீராக இருக்காது. நாடா கொஞ்சம் நீண்டிருக்கும், ஓரம் மடங்கியிருக்கும். படத்தின் ஒவ்வொரு கோடும் வர வேண்டிய நொடியில் வராமல் முன்பின்னாக வந்து சேரும். மலிவான கருவிகள் இதைத் தாங்காமல் இடையிடையே படங்களை விட்டுவிடுகின்றன. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நாதஸ்வரம் ஒரு பக்கமும் கலைஞரின் விரல்கள் வேறு பக்கமும் போய்க்கொண்டிருக்கும்.

டிவிடி ரெக்கார்டர் இந்த வேலைக்கென்றே செய்யப்பட்ட இயந்திரம். உள்ளே வரும் சிக்னலைச் சற்று நேராக்கிக்கொண்டு பதிவுசெய்கிறது. பானசோனிக்கின் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 ஆகிய இரண்டு மாடல்களும் இந்த நேராக்கும் திறமைக்காகவே பெயர் பெற்றவை. கணினியில் பதிவுசெய்பவர்களில் சிலர்கூட டெக்குக்கும் கணினிக்கும் நடுவே அவற்றை வைத்துக்கொள்கிறார்கள்.

டெக்கும் டிவிடி ரெக்கார்டரும் ஒரே பெட்டியில் சேர்ந்த காம்போ மாடல்களை எல்ஜி, சாம்சங், பானசோனிக் போன்றவை விற்றன. ஒரு பொத்தானை அழுத்தினால் கேசட்டிலிருந்து வட்டுக்குப் போய்விடும். வசதிதான். ஆனால் ஒரு பாதி பழுதானால் மறு பாதியும் அதோடு பணிமனைக்குப் போக வேண்டும். இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்வதே எனக்குப் பிடித்திருக்கிறது.

பழைய டெக் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் திருமணக் கேசட்டை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். போனாலும் பரவாயில்லை என்ற ஒரு கேசட்டைக் கொண்டுபோங்கள். உள்ளே போட்டு ஐந்து நிமிடம் ஓட்டுங்கள், நிறுத்துங்கள், முன்னும் பின்னும் சுற்றுங்கள், வெளியே எடுங்கள். இதையே மூன்று தடவை செய்யுங்கள். பிறகு கேசட்டின் மூடியைத் திறந்து நாடாவை வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் சுருக்கமோ நீளவாக்கில் கீறலோ புதிதாக விழுந்திருந்தால் அந்த டெக் வேண்டாம். வெளியே எடுக்கும்போது நாடா உள்ளே சிக்கி இழுபட்டாலும் வேண்டாம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

வாங்கிய டெக்கில் ஹை-ஃபை என்று எழுதியிருந்தால் அதிர்ஷ்டம். காரணம் பின்னால் வருகிறது.

கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சுருளின் மேல் வெள்ளையாகத் தெரிகிறது. அது என்ன?

பூஞ்சை. நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பூஞ்சை இல்லாத சுருளின் மேற்பரப்பு இசைத்தட்டைப் போலக் கறுப்பாக, வழவழப்பாகப் பளபளக்கும். பூஞ்சை பிடித்ததில் சுண்ணாம்புத் தூள் தூவியதைப் போல வெள்ளைத் திட்டுகளோ, ஈர மூட்டையில் பூத்த நூல்களைப் போன்ற இழைகளோ தெரியும். சில சமயம் ஓர் ஓரத்தில் ஆரம்பித்து வளையமாகப் போகும்.

இதை டெக்கில் போடவே கூடாது. தூள் நாடாவை வாசிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு படத்தை மறைக்கும். ஒட்டிய தூள் நாடாவைக் கீறும். அடுத்து நீங்கள் போடும் நல்ல கேசட்டுக்கும் வித்துகள் பரவும். அப்படிப்பட்ட கேசட்டை முதலில் மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு சில வாரங்கள் வையுங்கள். ஈரம் வற்றினால் பூஞ்சை வளர்வது நிற்கும். ஆனால் ஏற்கனவே படிந்தது தானாகப் போகாது. நாடா முழுவதையும் மென்மையான துணியின் இடையே மெல்ல ஓடவிட்டுத் துடைக்க வேண்டும். அதற்கென்று இயந்திரம் வைத்திருப்பவர்களிடம் கொடுங்கள். 250 மீட்டருக்கு மேல் இருக்கும் நாடாவைக் கையால் இழுத்துத் துடைக்க முயன்றால் சுருக்கங்கள்தான் மிஞ்சும். டப்பாவைத் திறக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

வெயிலில் காயவைக்கலாமா? அரிசிப் பானையில் போட்டு வைக்கலாமா?

இரண்டும் வேண்டாம். வெயிலில் பிளாஸ்டிக் கூடு வளையும், சுருள் ஒருபக்கம் இறுகி ஒருபக்கம் தளரும். அரிசியின் தூசு உள்ளே போகும்.

பூஞ்சை இல்லை, பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. நேராக ஓட்டலாமா?

கேசட் இருந்த அறையும் டெக் இருக்கும் அறையும் வெவ்வேறு என்றால், முந்தின நாளே கேசட்டை டெக்கின் பக்கத்தில் வைத்துவிடுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து எடுத்து வந்த உடனே போட்டால் நாடாவின் மேல் ஈரம் படிந்து, டெக்கின் உள்ளே ஹெட்டுகளோடு சுழலும் டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் இன்னும் கவனம் வேண்டும்.

மறுநாள், ஓட்டாமல் கடைசி வரை முன்னால் சுற்றி, பிறகு முழுவதும் பின்னால் சுற்றுங்கள். வருடக்கணக்கில் ஒரே நிலையில் இருந்த சுருள் தளர்ந்து, ஒரே இறுக்கத்தில் மீண்டும் சுற்றிக்கொள்ளும். சுற்றும்போது இயந்திரம் முக்கினாலோ கிறீச்சிட்டாலோ உடனே நிறுத்துங்கள். பசை இளகிய நாடா இப்படித்தான் குரல் கொடுக்கும்.

கேசட்டின் முதுகுப் பக்கத்தில் சிறு பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கும், அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் புதிதாக எதையும் பதிய முடியாது. உடைக்காமல் இருந்தால் இப்போதே உடைத்துவிடுங்கள். ரிமோட்டில் தவறான பொத்தானை அழுத்திவிட்டாலும் தாலி கட்டும் காட்சியின் மேல் எதுவும் பதிவாகாது.

ஹெட்டை நானே சுத்தம் செய்யலாமா?

செய்யலாம், நிதானம் இருந்தால். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மேல்மூடியைக் கழற்றுங்கள். சாய்வாக நிற்கும் பளபளப்பான உருளைதான் டிரம். அதன் விளிம்பில் கடுகைவிடச் சிறிதாக இருப்பவைதான் ஹெட்டுகள். இழை உதிராத மான்தோல் போன்ற மென்தோலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நனைத்து, உருளையின் பக்கவாட்டில் அசையாமல் லேசாக வைத்துக்கொண்டு, மறு கையால் உருளையின் மேற்பகுதியை மெதுவாகச் சுழற்றுங்கள். தோல் நகரக் கூடாது, உருளைதான் நகர வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும், பிறகு அந்த டெக் அவ்வளவுதான். காதுக் குச்சியின் பஞ்சு இழைகள் ஹெட்டில் மாட்டிக்கொள்ளும், அதையும் தவிருங்கள். துடைத்த பின் அரை மணி நேரமாவது காயவிடுங்கள்.

எந்த வயரை எதில் செருகுவது?

மஞ்சள் படம், வெள்ளையும் சிவப்பும் ஒலி. டெக்கின் பின்னால் 'அவுட்' என்ற துளைகளிலிருந்து ரெக்கார்டரின் 'இன்' துளைகளுக்கு. டெக்கில் ஒலிக்கு ஒரே துளைதான் இருந்தால் வெள்ளையைப் போடுங்கள். ரெக்கார்டர் எந்த உள்ளீட்டிலிருந்து எடுக்க வேண்டும் என்று ரிமோட்டில் தேர்ந்தெடுப்பதைப் பலர் மறந்துவிட்டுப் படம் வரவில்லை என்கிறார்கள். இரண்டு பெட்டிகளிலும் எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சளுக்குப் பதில் அதையே பயன்படுத்துங்கள், நிறங்களின் ஓரம் தெளிவாக வரும். ஆன்டெனா வயர் வழியாகச் சேனல் பிடித்துப் பதிவுசெய்ய வேண்டாம். நல்ல வயர் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியதுதான் வேண்டும் என்றில்லை, ஆனால் செருகிய இடம் ஆடாமல் இருக்க வேண்டும்.

எக்ஸ்.பி., எஸ்.பி., எல்.பி., ஈ.பி. என்று நான்கு தெரிவுகள் இருக்கின்றன. எது சரி?

4.7 ஜி.பி. வட்டில் எக்ஸ்.பி. என்றால் 1 மணி நேரம், எஸ்.பி. என்றால் 2 மணி நேரம், எல்.பி. என்றால் 4, ஈ.பி. என்றால் 6 மணி நேரம் பிடிக்கும். வீட்டுக் கேசட்டுக்கு எஸ்.பி.யே என் பதில்.

வி.எச்.எஸ். படத்தில் விவரங்கள் குறைவு, அதற்கு எதற்கு அவ்வளவு இடம் என்று கேட்பார்கள். விவரம் குறைவுதான், இரைச்சல் அதிகம். இருட்டு மூலைகளில் மணல் துள்ளுவதைப் போலத் தெரிகிறதே, ரெக்கார்டருக்கு அந்த மணலும் படம்தான். ஒவ்வொரு துகளையும் எழுத முயன்று இடமில்லாமல் தவித்து, கடைசியில் முகங்களைச் சதுரம் சதுரமாக ஆக்கிவிடும். அந்தக் காலத்து வீடியோகாரர்கள் பிடித்த ஹாலஜன் விளக்கின் வெளிச்சம் மணமேடையோடு நின்றுவிடும். பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்த இருட்டில்தான் இருக்கிறார்கள். எல்.பி.யில் பதிவுசெய்தால் முதலில் காணாமல் போவது அவர்கள்தான்.

3 மணி நேரக் கேசட்டை என்ன செய்வது?

இரண்டு வட்டுகள். இ-180 கேசட் முழுவதும் நிரம்பியிருந்தால் நடுவில் எங்காவது வெட்ட வேண்டும். முகூர்த்தம் முடிந்து பந்தி தொடங்கும் இடம், ஊர்வலம் முடிந்து வரவேற்பு ஆரம்பிக்கும் இடம் என்று இயல்பான இடைவெளி கட்டாயம் இருக்கும். ரெக்கார்டருக்குள் ஹார்ட் டிஸ்க் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. முழுவதையும் ஒரே மூச்சில் அதில் பதிந்துகொண்டு, பிறகு பிரித்து, தரம் குறையாமல் வட்டுக்கு மாற்றலாம். ஹார்ட் டிஸ்க் இல்லையென்றால் வட்டை மாற்றுவதற்காக டெக்கை நிறுத்தி, ஒரு நிமிடம் பின்னால் சுற்றி, அங்கிருந்து தொடருங்கள். இரண்டு வட்டுகளிலும் ஒரு நிமிடம் திரும்ப வருவதால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

நிறுத்துங்கள் என்றுதான் சொல்கிறேன், பாஸ் செய்து வைக்காதீர்கள். நம் ஊர் தொலைக்காட்சி முறையில் டிரம் விநாடிக்கு 25 தடவை சுழல்கிறது. நாடா நகராமல் நின்றால் அத்தனை தடவையும் ஹெட்டுகள் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். மாப்பிள்ளை முகம் நன்றாக விழுந்திருக்கிறது என்று ஆசையோடு நிறுத்தி வைத்து ரசித்த இடங்களில்தான் பல கேசட்டுகளில் கோடு விழுந்திருக்கிறது.

படத்தில் கோடுகள் ஓடுகின்றன, அடிப்பக்கம் ஆடுகிறது. சரிசெய்ய முடியுமா?

குறுக்கே ஓடும் இரைச்சல் பட்டை பெரும்பாலும் டிராக்கிங் கோளாறு, அதாவது ஹெட் நாடாவில் பதிந்த தடத்தின் மேல் சரியாக ஓடவில்லை. டெக்கில் அதற்கான பொத்தானைப் படம் ஓடும்போதே கூட்டிக் குறைத்துப் பாருங்கள். தானியங்கி டிராக்கிங் சில கேசட்டுகளில் தவறான இடத்தில் நின்றுவிடும், கையால் வைப்பது மேல். பதிவான கேமராவுக்கும் உங்கள் டெக்குக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் வேறு டெக்கில் போடுங்கள். ஒன்றில் ஆடியது இன்னொன்றில் அமைதியாக ஓடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படத்தின் அடியில் சில கோடுகள் மட்டும் கலைந்து தெரிந்தால் அது பழுது அல்ல. ஒரு ஹெட் விட்டு மறு ஹெட் வாசிக்கத் தொடங்கும் இடம் அது. எல்லா வி.எச்.எஸ். கேசட்டிலும் உண்டு. பழைய குண்டுத் தொலைக்காட்சிகள் படத்தின் ஓரங்களைத் திரைக்கு வெளியே மறைத்துவிட்டதால் அப்போது தெரியவில்லை.

இடையிடையே திரை முழுவதும் நீலமாகிவிடுகிறது. அந்த இடத்தில் படமே இல்லையா?

இருக்கலாம். சிக்னல் பலவீனமானால் இரைச்சலைக் காட்டாமல் நீலத்தைக் காட்டும்படி பல டெக்குகள் செய்யப்பட்டிருக்கின்றன. மெனுவில் அந்த அமைப்பை அணைத்துவிட்டுப் பாருங்கள். நீலத்துக்குப் பின்னால் கலங்கலாகவாவது ஆட்கள் நடமாடுவது தெரியும். கலங்கல் படத்தில் கூட ஒரு நடையை வைத்து ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

முகூர்த்தம் முழுவதும் சினிமாப் பாட்டுதான் கேட்கிறது. அன்று பேசிய குரல்கள் போய்விட்டனவா?

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பெரும்பாலும் போய்விட்டன என்பதுதான் பதில், ஆனால் எப்போதும் அல்ல.

வி.எச்.எஸ். நாடாவில் ஒலி இரண்டு இடங்களில் பதிவாகலாம். ஒன்று, நாடாவின் ஓரத்தில் ஓடும் மெல்லிய தடம். எல்லா டெக்குகளும் இதை வாசிக்கும். மற்றொன்று ஹை-ஃபை தடம். சுழலும் டிரம்மே அதைப் படத்தோடு சேர்த்து எழுதுகிறது. ஹை-ஃபை கேமராவில் எடுத்த கேசட்டில் இரண்டும் இருக்கும். பிறகு யாராவது அதே கேசட்டில் 'ஆடியோ டப்' செய்து பாட்டுச் சேர்த்திருந்தால், மாறியது ஓரத் தடம் மட்டும்தான். படத்தை அழிக்காமல் ஹை-ஃபை தடத்தை அழிக்க முடியாது என்பதால், அன்றைய சத்தம் படத்துக்கு அடியில் அப்படியே கிடக்கும். ஹை-ஃபை டெக்கில் ஒலியை 'நார்மல்' என்பதிலிருந்து 'ஹை-ஃபை'க்கு மாற்றும் தெரிவு ஒன்று உண்டு. ஒவ்வொரு கேசட்டிலும் இரண்டையும் போட்டுக் கேளுங்கள்.

என் அத்தையின் வளைகாப்புக் கேசட்டை, துபாயிலிருந்து கொண்டுவந்த தன் சொந்தக் கேமராவில் சித்தப்பா எடுத்திருந்தார். எங்களுக்குத் தெரிந்த வரையில் அதில் தொடக்கம் முதல் கடைசி வரை பாட்டு மட்டும்தான். பதிவுக்கு முன் வழக்கம்போல ஒலியை மாற்றினேன். பாட்டு சட்டென்று நின்றது. கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். யாரோ கதவைத் திறக்கிறார்கள். பிறகு சமையலறைப் பக்கமிருந்து, அடுப்பில் பாலைப் பார்க்கச் சொல்லி அதட்டும் எங்கள் பாட்டியின் குரல். பாட்டி இறந்து அப்போது பதினொரு வருடங்கள் ஆகியிருந்தன. அவர் குரல் வேறெந்தக் கேசட்டிலும் இல்லை. அந்த ஒரு வட்டை எங்கள் குடும்பத்தில் எல்லா வீடுகளிலும் வைத்திருக்கிறோம்.

ஆனால் ஸ்டுடியோக்கள் கொடுத்தவற்றில் இது அபூர்வம். அவர்கள் கேமரா கேசட்டிலிருந்து வேறொரு கேசட்டுக்கு வெட்டி ஒட்டும்போதே ஒலியை மாற்றிவிட்டார்கள். பூ விழும் கிராஃபிக்ஸும் இதய வடிவச் சட்டமும் இருந்தால் அது இரண்டாம் பிரதி என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்படியானால் வெட்டாத மூலக் கேசட் எங்காவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சிலர் அதையும் கேட்டு வாங்கி, ஒருமுறையும் போட்டுப் பார்க்காமல் பீரோவில் வைத்திருப்பார்கள்.

பதிவின் நடுவே கரண்ட் போனால்?

அந்த வட்டு போய்விட வாய்ப்பு அதிகம். கணினிக்கு வைக்கும் யூ.பி.எஸ்.ஸில் டெக்கையும் ரெக்கார்டரையும் இணைத்துவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண்சிமிட்டும் நேரத்திலேயே சில ரெக்கார்டர்கள் அணைந்துவிடுகின்றன. மின்தடை அறிவித்திருக்கும் நாளில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

பதிந்த வட்டு ரெக்கார்டரில் ஓடுகிறது, மகன் வீட்டுப் பிளேயரில் ஓடவில்லை.

ஃபைனலைஸ் செய்திருக்க மாட்டீர்கள், அதாவது மற்றப் பிளேயர்களிலும் ஓடும்படி வட்டை முடித்துவைத்திருக்க மாட்டீர்கள். மெனுவில் இருக்கும், சில நிமிடங்கள் பிடிக்கும். செய்த பின் டிவிடி-ஆர் வட்டில் மேலும் எதையும் சேர்க்க முடியாது, அதனால் முதலில் முழுவதும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கனடாவிலிருந்து பெரியம்மா அனுப்பிய கேசட்டை நம் டெக்கில் போட்டால் படம் உருளுகிறது.

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் 'பால்' என்ற தொலைக்காட்சி முறை: 625 கோடுகள், விநாடிக்கு 25 படங்கள். கனடாவும் அமெரிக்காவும் என்.டி.எஸ்.சி.: 525 கோடுகள், விநாடிக்கு ஏறக்குறைய 30 படங்கள். போர்க்காலத்தில் பிரிந்துபோன இலங்கைத் தமிழ்க் குடும்பங்களில் டொராண்டோவில் நடந்த திருமணத்தை யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருந்தவர்கள் இப்படிக் கேசட்டில்தான் பார்த்தார்கள். அதனால் இந்தக் கலப்பு நம்மிடம் நிறைய உண்டு.

இரண்டு முறைகளையும் ஓட்டும் மல்டி சிஸ்டம் டெக் இருந்தால் ஓடும். ஆனால் பல மல்டி சிஸ்டம் டெக்குகள் என்.டி.எஸ்.சி. கேசட்டைத் தொலைக்காட்சிக்காக 'பால் 60' என்ற நடுவாந்தரமான வடிவில் வெளியே விடுகின்றன. தொலைக்காட்சி அதை ஏற்கும், ரெக்கார்டர் ஏற்காது. டெக்கின் தெரிவை அசல் என்.டி.எஸ்.சி. வெளியீட்டுக்கு மாற்றி, ரெக்கார்டரையும் என்.டி.எஸ்.சி.க்கு மாற்றிக்கொண்டு, தனி வட்டில் பதியுங்கள். இரண்டு முறைகளையும் ஒரே வட்டில் கலக்காதீர்கள். பிரான்சின் செக்காம் முறைக் கேசட் நம் டெக்கில் கறுப்பு வெள்ளையாக ஓடும். படம் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிட வேண்டாம்.

உள்ளங்கை அளவுக் கேசட் ஒன்று இருக்கிறது. இதற்கு அடாப்டர் உண்டா?

பெயரைப் பாருங்கள். வி.எச்.எஸ்.-சி என்றால் உண்டு. அதே நாடாதான், சிறிய கூடு. அடாப்டரில் வைத்துச் சாதாரண டெக்கில் போடலாம். வீடியோ 8, ஹை8 என்றால் கிடையாது. அதன் நாடா 8 மி.மீ. அகலம், வி.எச்.எஸ். நாடா 12.7 மி.மீ. அதற்குரிய கேமராவையே தேடிப்பிடித்து, அதிலிருந்து ரெக்கார்டருக்கு வயர் கொடுக்க வேண்டும். மினி டிவி (MiniDV) கேசட்டை ரெக்கார்டரில் பதிவது வீண். அது ஏற்கனவே எண்ணியல் பதிவு. ஃபயர்வயர் என்ற வயர் வழியாகக் கணினிக்கு அப்படியே எடுத்தால் தரம் துளியும் குறையாது, மணிக்கு 13 ஜி.பி. அளவு வரும்.

நாடா அறுந்துவிட்டது.

செல்லோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை கசிந்து ஹெட்டில் படியும். இதற்கென்று உள்ள ஒட்டு நாடாவால், ஹெட் தொடாத பக்கத்தில் ஒட்ட வேண்டும். கூட்டின் அடியில் ஐந்து திருகாணிகள் இருக்கும். கழற்றும்போது உள்ளே இருக்கும் சின்னச் சின்னப் பாகங்கள் எங்கே இருந்தன என்று முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய இடத்தை ஓட்டாமல் தாண்டிப் போய்விடுவது இன்னும் நல்லது.

கடையில் வாங்கிய சினிமா கேசட்டையும் இப்படி மாற்றலாமா?

பலவற்றில் நகலெடுப்பதைத் தடுக்கும் சிக்னல் சேர்த்திருப்பார்கள், ரெக்கார்டர் நின்றுவிடும். உரிமையும் உங்களுடையது அல்ல. ஆனால் ஒன்று: மிகவும் தேய்ந்த வீட்டுக் கேசட்டையும் சில ரெக்கார்டர்கள் தவறாகத் தடை உள்ளது என்று எண்ணி நிறுத்திவிடும். அப்போது வேறு டெக்கில் முயலுங்கள்.

இவ்வளவும் எனக்கு ஆகாது. கடையில் கொடுத்துவிடலாமா?

தாராளமாகக் கொடுங்கள், ஆனால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். நான் முதன்முதலில் ஒரு கடையில்தான் கொடுத்தேன். மூன்று மணி நேரக் கேசட்டை ஒரே வட்டில் திணித்து, கடையின் பெயரைப் படத்தின் மூலையில் கடைசி வரை ஓடவிட்டுக் கொடுத்தார்கள். கேசட்டின் முதல் இரண்டு நிமிட நாடா கசங்கித் திரும்பி வந்தது. அந்த இரண்டு நிமிடத்தில் தாத்தா வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் நானே ரெக்கார்டர் வாங்கினேன்.

ஒரு வட்டில் எத்தனை மணி நேரம் பதிவீர்கள், படத்தின் மேல் எதுவும் எழுதுவீர்களா, பூஞ்சை இருந்தால் என்ன செய்வீர்கள், கேசட் எப்போது திரும்ப வரும் என்று கேளுங்கள். முதலில் முக்கியமில்லாத ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்.

டிவிடிக்கு மாற்றியாயிற்று. இனி கவலை இல்லையே?

வட்டிலும் சாயம்தான் படத்தைத் தாங்குகிறது, வெளிச்சமும் வெப்பமும் அதற்கும் ஆகாது. பெயர் எழுதத் தண்ணீரில் கரையும் மையுள்ள பேனாவைப் பயன்படுத்துங்கள், மேலே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். ஃபைனலைஸ் செய்த அன்றே வட்டைக் கணினியில் போட்டு, 'வீடியோ டி.எஸ்.' கோப்புறையை அப்படியே ஒரு ஹார்ட் டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். எஸ்.பி.யில் பதிந்தது மணிக்குச் சுமார் 2.2 ஜி.பி.தான். வடிவம் மாற்றிச் சுருக்க வேண்டாம். இன்னொரு பிரதி வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் இருக்கட்டும். யூடியூபில் ஏற்றினால் பின்னணியில் ஓடும் சினிமாப் பாட்டுக்காக ஒலியை முடக்கவும் கூடும். அதை ஒரு பிரதியாகக் கணக்கில் வைக்காதீர்கள்.

கேசட்டை இனி எறிந்துவிடலாமா?

வேண்டாம். நாளை இதைவிட நன்றாக வாசிக்கும் வழி வரலாம். முழுவதும் பின்னால் சுற்றி, புத்தகம் போல நிமிர்த்தி, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இல்லாமல், தரையிலிருந்து உயரமாக வையுங்கள். டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறும்போது புதிதாக மாற்றுங்கள்.

வட்டின் மேல் என்ன எழுதுவது?

யார் வீட்டு விசேஷம், எந்த ஊர், எந்த மண்டபம், எந்தத் தேதி. கேசட்டின் பழைய லேபிளையும் படம் எடுத்து வையுங்கள்.

அதோடு ஒரு நோட்டும் வேண்டும். வீட்டில் வயதானவர்களை உட்காரவைத்து வட்டைப் போட்டு, அவர்கள் சொல்லும் பெயர்களை நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். வட்டை எத்தனை தடவை நிறுத்தினாலும் தேயாது, இப்போது தாராளமாகப் பாஸ் செய்யலாம். எங்கள் நோட்டிலிருந்து சில வரிகள்:

12:40 – மணமேடைக்கு இடப்பக்கம், பட்டுச்சேலை, கையில் குழந்தை: அம்மாவின் மூத்த ஓரகத்தி.

27:05 – மொய் எழுதுபவர்: அப்பாவோடு மில்லில் வேலை பார்த்தவர், சைக்கிளிலேயே வந்தாராம்.

41:20 – கட்டம் போட்ட சட்டை, பந்தியில் சாம்பார் ஊற்றுகிறார்: பெயர் தெரியவில்லை. பெரிய அத்தை வந்ததும் கேட்க வேண்டும்.